ஸ்டாக்கா, எம்லாகா: எந்த இடத்துக்கு எது?

மாடியில் உள்ள ராக்கில் 48 போர்ட் நெட்வொர்க் ஸ்விட்ச்கள் நான்கைந்து சேர்ந்ததும் இந்தக் கேள்வி வந்துவிடும்: ஸ்டாக் கேபிள் போட்டு எல்லாவற்றையும் ஒரே ஸ்விட்சாக்கிவிடலாமா? மாடியில் தாராளமாகச் செய்யலாம். ஆனால் அதே பழக்கத்தில் சர்வர் ரூமின் இரண்டு கோர் (மைய) ஸ்விட்ச்களையும் ஸ்டாக் செய்வதை நான் ஏற்கமாட்டேன். அங்கே எம்லாக்தான் சரி, அதாவது இரண்டு தனி ஸ்விட்ச்களுக்குப் போகும் கேபிள்களை ஒரே இணைப்பாகக் கட்டும் முறை.

ஸ்டாக் என்றால் மொத்தத்துக்கும் ஒரே மூளை. சிஸ்கோ கேட்டலிஸ்ட் 9300-ல் எட்டு ஸ்விட்ச் வரை சேர்க்கலாம். ஒரே ஐபி முகவரி, ஒரே கான்ஃபிக். கோருக்குப் போகும் அப்லிங்க் கேபிள் இரண்டையும் வேறு வேறு ஸ்விட்சிலிருந்து எடுத்து, போர்ட் சேனல் என்னும் ஒரே கூட்டு இணைப்பாகக் கட்டலாம். ஒரு ஸ்விட்ச் செத்தாலும் மாடி முழுவதும் இருண்டுவிடாது.

கோட்டை விடுவது பெரும்பாலும் கேபிளில்தான். கடைசி ஸ்விட்சிலிருந்து முதல் ஸ்விட்சுக்குத் திரும்பும் கேபிளைப் போடாமல் விட்டுவிடுவார்கள், ஏனென்றால் 50 செ.மீ. கேபிள் எட்டாது. அதற்கு 1 மீட்டரோ 3 மீட்டரோ கேட்டு வாங்குங்கள். அதைப் போட்டு வளையம் மூடியிருந்தால் ஒரு கேபிள் போனாலும் வேகம் பாதியாகும், அவ்வளவுதான். மூடாவிட்டால், ஒரு கேபிள் போனதும் ஸ்டாக் இரண்டாக உடையும். ஸ்டாக்கை ஆளும் ஆக்டிவ் ஸ்விட்ச் ஒரு பாதியிலும், அதற்கு மாற்றான ஸ்டாண்ட்பை மறு பாதியிலும் சிக்கினால் இரண்டும் அதே ஐபியோடு ஓட ஆரம்பிக்கும். ‘ஷோ ஸ்விட்ச் ஸ்டாக்-போர்ட்ஸ்’ அடித்து, எல்லா வரியிலும் ஓகே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ராக்கை மூட வேண்டும்.

அப்புறம் பிரயாரிட்டி, அதாவது யார் ஆக்டிவ் என்ற தேர்தலில் பார்க்கும் எண்; பெரியது வெல்லும். எல்லாம் 1 என்றே இருந்தால், குறைந்த மேக் முகவரி (வன்பொருள் முகவரி) உள்ளது ஆக்டிவ் ஆகிவிடும். அது ராக்கிலேயே பழைய பெட்டியாகவும் இருக்கலாம். முதல் ஸ்விட்சுக்கு 15, இரண்டாவதுக்கு 14 கொடுங்கள். புது ஸ்விட்சைச் சேர்க்கும்போது பவர் போடாமல் கேபிளை மாட்டி, பிறகு பவர் கொடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் இரண்டு ஸ்டாக்கை இணைத்தால் தேர்தலில் தோற்ற பக்கம் ரீலோடு ஆகும்.

ராக்குகள் வேறு வேறு மாடிகளில் இருந்தால் ஜூனிப்பரின் ஸ்டாக் முறையான விர்ச்சுவல் சேஸிஸ் எனக்குப் பிடிக்கும். இஎக்ஸ்4300-ல் ஃபைபர் போர்ட்டையே ஸ்டாக் போர்ட்டாக மாற்றிக்கொள்ளலாம், பத்து ஸ்விட்ச் வரை. சீரியல் எண்ணை முன்கூட்டியே எழுதி, யார் ரூட்டிங் எஞ்சின் (மூளை), யார் லைன் கார்டு (அதற்குக் கீழே ஓடுவது) என்று தீர்மானித்துவிடலாம் என்பதால் தேர்தல் குழப்பமும் குறைவு.

ஸ்டாக் சிரமம் கொடுப்பது மென்பொருள் அப்கிரேடின்போது. வழக்கமான முறையில் மொத்த ஸ்டாக்கும் ரீலோடு ஆகும். மாடியில் இரவு பத்து மணிக்கு அதை யாரும் கவனிக்கமாட்டார்கள். சர்வர்களுக்கு ராத்திரி ஏது?

எம்லாக்கில், அதாவது அரிஸ்டாவின் எம்லாக் அல்லது சிஸ்கோ நெக்ஸஸின் விபிசியில், இரண்டு ஸ்விட்சுக்கும் தனித்தனி மூளை. சர்வரின் ஒரு கேபிள் இதற்கு, இன்னொன்று அதற்கு. ஒன்றை அப்கிரேட் செய்யும்போது மற்றது சுமையைத் தாங்கும். விலை என்னவென்றால் கான்ஃபிக் எல்லாவற்றையும் இரண்டு முறை எழுத வேண்டும். விபிசியில் ஸ்பேனிங் ட்ரீ (சுழல் தடுக்கும் நெறிமுறை) வகை இரண்டிலும் மாறிப்போனால், இரண்டாம் நிலையிலுள்ள செகண்டரி ஸ்விட்சின் விபிசி போர்ட்டுகள் நிறுத்தப்பட்டுவிடும். ஒன்று உயிரோடு இருக்கிறதா என்று மற்றது பார்க்கும் கீப்அலைவ் செய்தியை, இரண்டையும் இணைக்கும் பியர் லிங்க் வழியே ஓட்டவே ஓட்டாதீர்கள்: அந்த லிங்க் அறுந்தால் லிங்க், கீப்அலைவ் இரண்டும் ஒன்றாகப் போய், இரண்டு ஸ்விட்சும் தானே பிரைமரி என்று நம்பிவிடும். மேனேஜ்மெண்ட் போர்ட் வழியே தனிப் பாதை கொடுங்கள்.