அம்ச மரமா, நிரல் அட்டவணையா?

சிங்கப்பூரின் துவாஸில் நாங்கள் செய்யும் பொதியிடும் இயந்திரங்கள் வெளித்தோற்றத்தில் ஒரே குடும்பம். உள்ளே ஓடும் பிஎல்சி (இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் சிறு கணினி) நிரலோ வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர் வேறுபடும். பழைய நிரலை நகலெடுத்து, வேண்டிய இடத்தில் திருத்தி அனுப்புவது இத்துறையின் வழக்கம். எது பொதுவானது, எது ஓர் ஆலைக்கு மட்டும் உரியது என்று பார்த்தவுடன் தெரிந்தால்தான் அடுத்த இயந்திரத்துக்கு எதையும் துணிந்து எடுத்தாள முடியும். அதைக் காட்ட எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன: அம்ச மரம், நிரல் அட்டவணை.

அம்ச மரம் 1990இல் வெளியான ஃபோடா என்ற மென்பொருள் பகுப்பாய்வு முறையிலிருந்து வந்தது. இயந்திரத்தின் அம்சங்களில் கட்டாயமானவை, விருப்பமானவை, இரண்டில் ஒன்று என எல்லாம் கிளைகளாக விரியும். விற்பனைப் பிரிவினருக்கு உடனே புரியும்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது அட்டவணையை. வரிசைகளில் நிரல் தொகுதிகள், பத்திகளில் இயந்திரங்கள். அச்சாக ஒன்றாக இருந்தால் பச்சை, மாறியிருந்தால் மஞ்சள், இல்லையென்றால் வெற்றுக் கட்டம். காரணம் பராமரிப்புதான். ஜோகூரிலோ பாத்தாமிலோ இயந்திரத்தை இயக்கிவைக்கப் போகும் பொறியாளர் அங்கேயே சென்சரை மாற்றுவார், டைமரை நீட்டுவார். மரத்தை யாராவது உட்கார்ந்து திருத்த வேண்டும். வேலை நெருக்கடியில் யாரும் திருத்துவதில்லை. சில மாதங்களில் படம் ஒன்று, இயந்திரம் ஒன்று என்றாகிவிடும். அட்டவணை நிரலிலிருந்தே உருவாகிறது. திரும்பிவரும் நிரலைச் சேமித்தால் போதும், நிறம் தானாக மாறும்.

இன்னொரு பயனும் உண்டு. கன்வேயர் தொகுதியின் வரிசை முழுக்க மஞ்சளாக இருந்தது. திறந்து பார்த்தால், வேறுபாடு தாமத நேரத்தில் மட்டும். அந்த எண்ணை உள்ளீடாக வெளியே எடுத்ததும் அத்தனை நகல்களும் ஒரே தொகுதியாயின. மறுபயன்பாடு என்பது இதுதான். மரத்தில் இது தெரிந்திருக்கவே முடியாது.

குறைகளும் உண்டு. பெயர் மாற்றிய தொகுதி இரண்டு வரிசைகளாகப் பிரிந்து நிற்கும். ஏணி வரைபடமாக எழுதிய நிரலை ஒப்பிடுவது, ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் என்ற எழுத்துவடிவ நிரல்மொழியின் வரிகளை ஒப்பிடுவதைவிடக் கடினம். நாங்கள் ஒரே தயாரிப்பாளரின் பிஎல்சியை மட்டும் பயன்படுத்துகிறோம். பல தயாரிப்பாளர்களின் நிரல்களைக் கலந்து ஒப்பிட்ட அனுபவம் எங்களுக்கு இல்லை. பிஎல்சி நிரல்களைப் பரிமாறிக்கொள்வதற்கான பிஎல்சிஓப்பன் எக்ஸ்எம்எல் வடிவம் 2019இல் ஐஇசி 61131-10 என்ற சர்வதேசத் தரநிலையானது உண்மை. ஆனாலும் தயாரிப்பாளருக்கே உரிய நூலகத் தொகுதிகளை அது பொதுவாக்கிவிடாது.

‘பாதுகாப்புக் கதவுப் பூட்டு இல்லாமல் ரோபோ கை கூடாது’ என்பது போன்ற விதியை அட்டவணை சொல்லாது. அதற்காக மட்டும் சிறிய மரம் ஒன்றை வைத்திருக்கிறோம். அத்தகைய விதிகள் எப்போதாவதுதான் மாறுகின்றன என்பதால் அதைக் கையால் திருத்துவது சுமையாக இல்லை.