குட்டியா, வளர்ந்த நாயா? பிள்ளைகளும் பூனையும் உள்ள வீட்டுக்கு எந்தக் காப்பக நாய்

காப்பகத்திலிருந்து ஒரு நாயைத் தத்தெடுப்பது என்று வீட்டில் முடிவானதும் அடுத்துக் கிளம்பும் கேள்வி, குட்டியா, வளர்ந்த நாயா என்பது. பிள்ளைகளைக் கேட்டால் பதில் தயாராக இருக்கும். பெரியவர்களும் அநேகமாக அதே பக்கம்தான் சாய்வார்கள். “குட்டியிலிருந்தே வளர்த்தால் நம்ம வீட்டுக்குத் தகுந்த மாதிரி பழகிடும், பூனையோடும் ஒட்டிக்கும்” என்பது வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சின்னப் பிள்ளைகளும் வேறு பிராணிகளும் ஏற்கெனவே இருக்கிற வீட்டுக்கு நான் சொல்வது பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகத்தான் இருக்கும்.

முதலில் குட்டியின் பக்க நியாயம். நாய்க்குட்டி உலகத்தைப் பழகிக்கொள்ளும் முக்கியமான பருவம் சுமார் 3 வாரத்தில் தொடங்கி 12 முதல் 14 வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. அந்த நாட்களில் பார்த்த பூனை, கேட்ட குழந்தைச் சத்தம், மிதித்த தரை எல்லாம் பின்னாளில் அதற்கு இயல்பாகத் தோன்றும். சரி, நல்ல விஷயம். ஆனால் குட்டி தாயை விட்டு வருவதே 8 வார வயதுக்குப் பிறகுதான். காப்பகக் குட்டி பலமுறை அதற்கும் தாமதமாகத்தான் கைக்கு வரும். அந்தப் பருவத்தில் பாதிக்கு மேல் வேறு எங்கோ கழிந்திருக்கும்; எங்கே, எப்படி என்று சொல்ல ஆள் இருக்காது. அப்புறம், நாயின் குணம் முழுசாகத் தெரிய ஒன்றரை, இரண்டு வயதாவது ஆக வேண்டும். தாய் தகப்பன் தெரியாத குட்டி எவ்வளவு பெரிதாக வளரும் என்பதையே பாதத்தைப் பார்த்து யூகிக்க வேண்டியிருக்கிறது. நம் இஷ்டப்படி வளைக்கலாம் என்று நினைத்து எடுக்கும் குட்டிதான், உண்மையில் நமக்கு மிகக் குறைவாகத் தெரிந்த நாய்.

அன்றாடப் பாட்டைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். பால்பல் ஊசி மாதிரி இருக்கும். அது விழுந்து நிலைப்பல் முளைத்து முடிய ஆறேழு மாதம் ஆகும். அதுவரை கிடைத்ததையெல்லாம் கடிக்கும். ஐந்து வயதுப் பிள்ளை கத்திக்கொண்டே ஓடினால் குட்டிக்கு அது விளையாட்டு. துரத்திப் போய்க் கணுக்காலைக் கவ்வும். பிள்ளை இன்னும் உரக்கக் கத்தும், குட்டிக்கு இன்னும் குஷியாகும். இரண்டு மாதக் குட்டியைப் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது வெளியே கொண்டுபோக வேண்டும், ராத்திரியும் எழ வேண்டும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இது இன்னொரு கைக்குழந்தை.

உடல்நலக் கணக்கும் உண்டு. தடுப்பூசித் தொடர் முடியவே 16 வார வயதுக்கு மேல் ஆகும். குட்டிகளுக்குக் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் பார்வோ கிருமி உடலில் புகுந்தாலும் நோய் வெளியே தெரிய இரண்டு வாரம்வரை ஆகலாம், அதனால் துள்ளி விளையாடுகிற குட்டி நலமான குட்டி என்று அர்த்தமில்லை. தரையிலும் மண்ணிலும் அந்தக் கிருமி மாதக்கணக்கில் பிழைத்துக் கிடக்கும். வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் அதன் தடுப்பூசி நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் புதியதைக் கொண்டுவர வேண்டும். குட்டிகளிடம் உருண்டைப்புழு சாதாரணம். அதன் முட்டை மண் வழியாகப் பிள்ளைகளின் கைக்கும் அங்கிருந்து வாய்க்கும் போகும் என்பதால் குடற்புழு மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது.

இரண்டு வயது தாண்டிய நாயிடம் இந்தத் தொல்லையில் பாதி இருக்காது. உயரம், எடை, சுறுசுறுப்பு எல்லாம் கண்ணுக்கு முன்னால் நிற்கும். சிறுநீரை அடக்கத் தெரியும். வளர்ந்த நாய்க்குப் புதிதாக எதுவும் ஏறாது என்பது வெறும் பேச்சு. ஒரு இடத்தில் நின்று கவனிக்கிற பொறுமை குட்டியைவிட அதற்குத்தான் அதிகம். குறை என்றால் பழசு கூடவே வரும். சில நாய்கள் அதுவரை வீட்டுக்குள்ளேயே இருந்திருக்காது. படிக்கட்டும் வாஷிங் மெஷினும் அதற்குப் பூதமாகத் தெரியும். சிலது தட்டுக்குப் பக்கத்தில் யாரையும் விடாது. முதல் சில நாள் மூலையில் சாதுவாகப் படுத்திருந்த நாய், சில வாரம் கழித்து வாசலில் நின்று குரைக்கத் தொடங்கும். தத்து கொடுப்பவர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: பயம் தணிய, வழக்கம் பிடிபட, வீட்டு நாயாக. தோராயக் கணக்குதான், ஆனால் முதல் வாரத்து அமைதியைப் பார்த்து ஏமாறாமல் இருக்க உதவும்.

வயதை வைத்து இப்படி மல்லுக்கட்டுவதைவிட முக்கியமான ஒப்பீடு இன்னொன்று: அந்த நாய் இப்போது எங்கே இருக்கிறது? காப்பகக் கூண்டிலா, யாராவது தற்காலிகமாக வைத்துப் பார்த்துக்கொள்கிற ஃபாஸ்டர் வீட்டிலா?

கூண்டுக்குள் நாயின் உண்மையான சுபாவம் தெரியாது. சத்தமும் அந்நிய வாடையும் அதை ஒடுக்கியிருக்கும், அல்லது வெறிகொள்ள வைத்திருக்கும். காப்பக நாய்களை ஓரிரு இரவு ஒரு வீட்டில் தங்கவைத்தபோது அவற்றின் கார்டிசால், அதாவது மன அழுத்தம் காட்டும் ஹார்மோன், குறைந்ததையும் திரும்பியதும் பழையபடி ஏறியதையும் 2019-இல் வெளியான ஒரு ஆய்வு காட்டியது. அங்கே தட்டைக் காத்து உறுமிய நாய் வீட்டுக்கு வந்ததும் உறுமாமலே இருக்கலாம். அங்கே பெட்டிப்பாம்பாகக் கிடந்தது இங்கே வேறு மாதிரி ஆகலாம். ஃபாஸ்டர் வீட்டில் இருந்தவரோ அந்த நாயோடு சேர்ந்து வாழ்ந்தவர். அவரிடம் “பிள்ளைகளோடு நல்லாப் பழகுமா?” என்று கேட்பதில் பிரயோஜனமில்லை, பழகும் என்றுதான் சொல்வார். எத்தனை வயதுப் பிள்ளை, எத்தனை நாள் கூட இருந்தது, பிள்ளை கையில் பிஸ்கட்டோடு வந்தபோது நாய் என்ன செய்தது, தூங்கும்போது யாராவது மேலே விழுந்தார்களா, பூனை நடந்தபோது அல்ல, ஓடியபோது என்ன நடந்தது என்று கேளுங்கள். “யாரையும் கடிக்காது, தங்கமான நாய்” என்பது பதிலே இல்லை. நாயை எப்படியாவது ஒரு வீட்டில் சேர்த்துவிட வேண்டும் என்ற ஆசையும் அவர்களுக்கு இருக்கும், பாவம்.

பிள்ளைகள் விஷயத்தில் நாய் எதுவாக இருந்தாலும் ஒன்று பொது. சின்னப் பிள்ளைகளைக் கடிப்பது தெருவில் போகிற ஏதோ நாய் மட்டுமல்ல, பழகிய நாயும்தான். பிள்ளை நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நிற்கும்போது, பிள்ளையை விட்டுவிட்டு நாயின் முகத்தைப் பாருங்கள். வாயை மூடிக்கொள்ளும், உதட்டை நக்கும், முகத்தைத் திருப்பும், கடைக்கண்ணில் வெள்ளை தெரியும், உடம்பு விறைக்கும். ஃபோட்டோ எடுக்கச் சொல்லும் நேரமல்ல அது, பிள்ளையைக் கூப்பிட வேண்டிய நேரம். இத்தனையையும் கவனிக்காமல் விட்டால்தான் உறுமல் வரும். உறுமியதற்கு அடித்தால் அடுத்த முறை உறுமாமலே கடிக்கக் கற்றுக்கொள்ளும்.

இங்கே வயது முதிர்ந்த நாய்க்கும் ஒரு வார்த்தை. ஏழெட்டு வயதுக்கு மேற்பட்டவை சாந்தமானவை, செருப்பைக் கடிக்காதவை. பத்து வயது தாண்டிய பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அருமையான துணை. தவழும் குழந்தை இருந்தால் வேண்டாம். மூட்டுவலி உள்ள நாயின் இடுப்பில் கை பட்டாலே சட்டென்று திரும்பும்.

பூனை இருந்தால் குட்டிக்குக் கொஞ்சம் சாதகம் உண்டு. தைரியமான பூனை இரண்டு மாதக் குட்டியை ஒரு அறை அறைந்து மரியாதை கற்றுக்கொடுத்துவிடும். ஆனால் நீங்கள் கேள்விப்பட்டதைவிட, வளர்ந்த நாயும் பூனையும் நன்றாகவே சேர்ந்து வாழும், அந்த நாய்க்கு வேட்டைக் குணம் குறைவாக இருந்தால். இதைச் சோதிக்கலாம். நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, தடுப்புக்கு அந்தப் பக்கம் பூனை நடக்கட்டும். பார்த்துவிட்டு முகர்ந்து, உங்கள் பக்கம் திரும்பினால் நல்லது. பார்வை குத்திட்டு நின்று, வாய் மூடி, பெயரைச் சொல்லியும் காது அசையாவிட்டால் அந்த நாய் வேறு வீட்டுக்குப் போகட்டும். முயலோ பறவையோ இருந்தால் எந்த நாயையும், எந்த வயதிலும், அவற்றோடு தனியே விட முடியாது. ஏற்கெனவே இருக்கும் நாயோடு அறிமுகம் வீட்டு வாசலில் வேண்டாம். இரண்டுக்கும் சொந்தமில்லாத பொது இடத்தில், தள்ளித் தள்ளி ஒரே திசையில் நடக்க வைப்பதில் தொடங்குங்கள். தட்டும் பொம்மையும் சில வாரம் தனித்தனி.

நேரடியாகத் தத்தெடுப்பதா, முதலில் சில வாரம் வைத்துப் பார்த்துவிட்டுத் தத்தெடுப்பதா என்று கேட்டால், இந்த மாதிரி வீட்டுக்கு இரண்டாவதுதான். சில காப்பகங்கள் இதை அவர்களே தருவார்கள், தராவிட்டால் கேட்டுப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் எத்தனை நாளுக்குள், யாரிடம், எந்தக் கேள்வியும் இல்லாமல் திருப்பித் தரலாம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பிள்ளைகளிடம் முதல் நாளே “இது கொஞ்ச நாள் நம்ம வீட்டு விருந்தாளி” என்று சொல்லிவிடுவது நல்லது. புதுப் பெயர் சூட்டும் வேலையையும் அதுவரை தள்ளிப்போடலாம்.