வீட்டுத் தொழில் ஆன்லைன் கோர்ஸ்: 9வது வீடியோவுக்காக வாங்கலாம், மத்தது சுமார்தான்

வீட்ல இருந்தே பிசினஸ் ஆரம்பிக்கிறது எப்படின்னு ஒரு ஆன்லைன் கோர்ஸ் காசு கட்டிப் பார்த்து முடிச்சேன். பேர் வேணாம், இந்த மாதிரி கோர்ஸ் எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சுதான், இதுல எது உருப்படி எது வெட்டின்னு சொன்னா வேற எதையாவது வாங்கப் போறவங்களுக்கும் உதவும். நான் குரோஷே பொம்மை, அதாவது கொக்கி ஊசியால நூல் பின்னிச் செய்ற பொம்மை போடுவேன், தெரிஞ்சவங்களுக்குன்னு போட்டுக் கொடுத்துட்டு இருந்ததை முறையா விக்கலாம்னுதான் சேர்ந்தேன்.

மொத்தம் 12 வீடியோ. முதல் பாதி பூரா மோட்டிவேஷன், அப்புறம் பிராண்டுக்குப் பேர், லோகோ, கலர். ஒரு பொம்மைகூட விக்கல, அதுக்குள்ள லோகோவுக்கு முக்கா மணி நேரமா சாமி! நடுவுல பிசினஸ் மாடல் கேன்வாஸ்னு 9 கட்டம் போட்ட தாள் ஒண்ணு தர்றாங்க, யாருக்கு விக்கிறோம், அவங்ககிட்ட எப்படிப் போய்ச் சேரும், காசு எங்க வருது எங்க போகுதுன்னு எல்லாத்தையும் ஒரே பக்கத்துல எழுத வைக்கும், அது நல்ல விஷயம். ஆனா உதாரணத்துக்கு டாக்ஸி ஆப்பைக் காட்டினா வீட்ல தனியா உக்காந்து நூல் பின்றவளுக்கு என்ன புரியும்?

9வது வீடியோ காஸ்டிங், அதாவது ஆகுற செலவைக் கணக்குப் போட்டு விலை வைக்கிறது. இதுதான் சரக்கு. கூடவே ஒரு எக்செல் ஷீட் வரும். 100 செலவாகுதுன்னா 30 சதவீதம் சேர்த்து 130க்கு வித்தா 30 சதவீத லாபம்னு நிறைய பேர் நினைக்கிறோம்ல, விக்கிற விலைல பார்த்தா அது 23 சதவீதம்தான், நிஜமா 30 நிக்கணும்னா 143 போடணும். இதுல என்ன பெரிய வித்தியாசம்னு தோணும், ஆனா 130ல 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்தா கையில நிக்கிறது 17, ஒரு கடைல வச்சு விக்க 30 சதவீதம் கமிஷன் கேட்டாங்கன்னா 39 போயி நமக்கு வர்றது 91, போட்ட காசே வராது. ஷீட்ல இதெல்லாம் நம்பர் போட்டதும் சிவப்புல காட்டுது. நம்ம உழைப்புக்கும் ஷீட்ல தனி கட்டம் இருக்கு, ஒரு பொம்மைக்கு அஞ்சு மணி நேரம் ஆகும்னா அந்த நேரத்துக்குக் கூலி போட்டுத்தான் ஆகணும், காலியா விட்டா அடுத்த கட்டத்துக்கே போக விடாது. அது எனக்கு ரொம்பப் பிடிச்சுது, வீட்ல செய்றதுதானேன்னு நம்ம நேரத்தை எல்லாருமே சும்மான்னு நினைச்சுடறோம், நாமளும் சேர்த்துதான்.

பிரேக் ஈவனும், அதாவது லாபமும் இல்லாம நஷ்டமும் இல்லாம நிக்க எத்தனை விக்கணும்ங்கிற கணக்கும், அதுலயே வருது. வித்தாலும் விக்காட்டியும் மாசம் போற செலவு 3000, ஒரு பொம்மைல செலவு போக 150 நிக்குதுன்னா 20 வித்தாதான் கை கடிக்காது, 21வதுல இருந்துதான் லாபம்.

விட்டுப் போனதும் இருக்கு. கூரியர் பத்தி ஒரு வரி இல்ல. பொம்மை மாதிரி லேசான, ஆனா இடம் அடைக்கிற பொருளுக்கு நிறைய கூரியர்ல பெட்டி அளவை வச்சும் எடை கணக்கு பண்ணுவாங்க, நீளம் அகலம் உயரம் சென்டிமீட்டர்ல பெருக்கி 5000ஆல வகுக்கிறதுதான் பரவலா இருக்கிற கணக்கு. 30, 25, 20 அளவுள்ள பெட்டின்னா உள்ள 600 கிராம் பொம்மை இருந்தாலும் 3 கிலோவுக்கு காசு. கோர்ஸ் குரூப்ல இதைக் கேட்டா அட்மின் ஒரு ஹார்ட் போட்டுட்டுப் போயிட்டார். லைசென்ஸ், வரி எல்லாம் ஊருக்கு ஊர் மாறும், அதை விட்டதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா பொம்மை செய்றவங்களைக் குறி வச்சு விளம்பரம் பண்ணிட்டு பாதுகாப்பு பத்தி வாயே திறக்கலை, 3 வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்க பொம்மைல சின்ன பாகம் எதுவும் கழண்டு வரக்கூடாதுன்னு பல நாட்டுல சட்டமே இருக்கு, பிளாஸ்டிக் கண்ணு வைக்காம நூல்லயே தைச்சுடறதுதான் நிம்மதி.

முடிச்சதும் பர்சனல் மென்டார்ஷிப்னு இன்னொரு பேக்கேஜ் தலைல கட்டப் பார்ப்பாங்க, வேணாம்னு சொல்லிடுங்க.

கடைசியா ரீஃபண்ட். மூணு வீடியோவுக்கு மேல பார்த்துட்டா பணம் திரும்பக் கிடைக்காது, வரிசையா பார்த்தா காஸ்டிங் வர்றதுக்கு முன்னாடியே அந்தக் கோட்டைத் தாண்டியிருப்பீங்க. அதனால வாங்கினா நேரா 9க்குப் போங்க, ஷீட்டை டவுன்லோட் பண்ணி உங்க பொருளோட நம்பரைப் போட்டுப் பாருங்க, உங்களுக்கு ஒத்து வரலைன்னா அப்பவும் ரீஃபண்ட் கேக்கலாம்.