எச்பி 82240பி: கேபிள் இல்லாமல் அச்சிடும் கால்குலேட்டர் பிரின்டர், நீண்ட நாள் பயன்பாட்டில்

1989-இல் வந்த கருவி இது. எச்பி-42எஸ், 48எஸ்எக்ஸ், 48ஜிஎக்ஸ் தொடங்கி பிற்பாடு வந்த 50ஜி வரையிலான எச்பி கால்குலேட்டர்களிலிருந்து, அகச்சிவப்பு ஒளி வழியாகவே இதில் அச்சிடலாம். நல்ல பிரின்டர்தான். ஆனால் ஒரு விஷயம் பிடிபடாதவரை வரிகள் தொலைந்துகொண்டே இருக்கும்: இதில் பேச்சு ஒருவழி. கால்குலேட்டர் ஒளியை வீசும், பிரின்டர் வாங்கிக்கொள்ளும், அவ்வளவே. "கொஞ்சம் பொறு" என்று திருப்பிச் சொல்ல பிரின்டருக்கு வழியில்லை. பேப்பர் தீர்ந்துபோனாலும் கால்குலேட்டர் கடைசி வரி வரை அனுப்பி முடித்துவிடும்.

அதனால்தான் கால்குலேட்டரில் உள்ள டிலே என்ற கட்டளை முக்கியம். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே எத்தனை விநாடி பொறுக்க வேண்டும் என்பதை அது சொல்கிறது. 48ஜிஎக்ஸில் இயல்பான அளவு 1.8 விநாடி, உச்ச அளவு 6.9. பேட்டரி புதிதாக இருக்கும்போது 1.8 தாராளம். நான்கு ஏஏ பேட்டரிகளும் தளரத் தளர அச்சுத்தலை மெதுவாக நகரும், டிலே மட்டும் பழைய கணக்கிலேயே நிற்கும். நீளமான புரோகிராமின் முதல் சில வரிகள் சரியாக வந்து, போகப்போக எழுத்துகள் விட்டுப்போனால் காரணம் இதுதான். 2.5 என்று தட்டி டிலே கொடுங்கள். அடாப்டரில் ஓட்டினால் 1.8-க்குக் கீழே படிப்படியாக இறக்கிப் பார்க்கலாம். 100 வரி புரோகிராம் 1.8-இல் மூன்று நிமிடம் எடுக்கும் என்பதால் இந்தக் குறைப்பு வீண்போகாது.

எழுத்துக்குப் பதில் புள்ளிப்புள்ளியான கட்டம் விழுந்தால் அது வேறு கோளாறு. ஒவ்வோர் எழுத்தின் 8 பிட்டுகளோடு 4 பிழைதிருத்தப் பிட்டுகளும் வருகின்றன. ஒளி லேசாகச் சிதறினால் பிரின்டரே சரிசெய்துகொள்ளும். அதற்கும் மீறினால்தான் அந்தக் கட்டம். டிலேயைக் கூட்டி இதைத் தீர்க்க முடியாது. கால்குலேட்டரும் பிரின்டரும் ஒரே மட்டத்தில், நேருக்கு நேர், 45 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். ஜன்னல் வெயில் பிரின்டரின் முகப்பில் நேராக விழக் கூடாது. 50ஜியின் ஒளி இன்னும் மங்கல், அதை நெருக்கியே வையுங்கள்.

எதுவுமே அச்சாகவில்லையா? முதலில் பிரின்டர் தானாக அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சில நிமிடம் சும்மா விட்டால் அணைந்துவிடும். அடுத்து 48 வரிசை கால்குலேட்டரின் கொடி −34 (கொடி என்பது ஓர் அமைப்பைப் போடவோ நீக்கவோ உதவும் சுவிட்ச் மாதிரி). அது போடப்பட்டிருந்தால் தகவல் சீரியல் கேபிளுக்குப் போய்விடும். −34 தட்டி, கொடியை நீக்கும் சிஎஃப் கட்டளையைக் கொடுங்கள்.

ஒரு வரிக்கு 24 எழுத்து, 166 புள்ளி. 48-இன் திரை 131 புள்ளி அகலம் என்பதால் வரைபடம் வெட்டுப்படாமல் முழுதாக விழுகிறது. 48ஜிஎக்ஸில் ஆன் விசையைப் பிடித்துக்கொண்டு 1 அழுத்தினால் திரை அப்படியே வரும். கால்குலேட்டர் மதிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருக்கும் அடுக்கில் கீழே உள்ள மதிப்பு மட்டும் வேண்டுமென்றால் பிஆர்1 கட்டளை, முழு அடுக்கும் வேண்டுமென்றால் பிஆர்எஸ்டி.

பேப்பர் 57 மி.மீ. தெர்மல் ரோல். பில் மெஷினுக்கு விற்கும் ரோலின் அகலம் பொருந்தும், சுருளின் பருமன் பொருந்தாது. கொஞ்சம் சுற்றியெடுத்துவிட்டுப் போட வேண்டும். எந்தப் பக்கம் பூச்சு என்று தெரியாவிட்டால் நகத்தால் கீறுங்கள், கறுத்த பக்கம்தான் அச்சாகும். பிவிசி உறையில் போட்டு வைத்தால் எழுத்து வெளுத்துவிடும். வைத்துக்கொள்ள வேண்டிய கணக்குகளை அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.