கிரிட் வரிசையில் இடம் இருக்கிறது என்று விற்க வருபவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள்

சோலார், காற்றாலை, பேட்டரி சேமிப்பு என்று எந்தத் திட்டத்தில் இறங்குபவராக இருந்தாலும், கிரிட் (மின்சாரத்தைக் கடத்தும் பொதுக் கட்டமைப்பு) இணைப்புக்காக யாருக்காவது முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். கிரிட் இணைப்பை வேகமாக முடித்துத் தருவதாகச் சொன்ன ஓர் ஆலோசனை நிறுவனத்திடம் எங்கள் குழு பெருந்தொகையை இழந்திருக்கிறது. புகார் விசாரணையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை. அவர்கள் செய்த விதத்தை மட்டும் முழுதாக எழுதுகிறேன்.

எங்களுடையது நடுத்தர அளவு சோலார் திட்டம், கூடவே பேட்டரி. நிலம் பேசி முடித்தாயிற்று, கடனும் தயார். பாக்கி இருந்தது இணைப்புதான். அதற்குக் கிரிட் நிறுவனத்திடம் விண்ணப்பித்து, முறை வரும் வரை வரிசையில் காத்திருக்க வேண்டும். இன்று பல திட்டங்கள் நிற்பதே அங்கேதான். 3,000 கிகாவாட் அளவுக்குப் புதுப்பிக்கத்தக்க மின் திட்டங்கள் இணைப்பு வரிசைகளில் நிற்பதாகச் சர்வதேச எரிசக்தி முகமை 2023இல் கணக்குச் சொன்னது. அந்த ஆண்டு அமெரிக்காவில் உற்பத்தியைத் தொடங்கிய திட்டங்களில் பாதி, விண்ணப்பித்த நாளிலிருந்து ஏறக்குறைய 5 ஆண்டுகளோ அதற்கு மேலோ காத்திருந்தவை. இப்படிக் காத்திருப்பவர்களைத் தேடித்தான் இவர்கள் வருகிறார்கள்.

"வரிசையில் முன்னால் ஓர் இடம் எங்கள் கையில் இருக்கிறது. அதை வைத்திருக்கும் சின்னக் கம்பெனியின் பங்குகளை உங்கள் பெயருக்கு மாற்றிவிட்டால் இணைப்பு உங்களுடையது" என்றார்கள். கிரிட் நிறுவனத்தின் முத்திரையும் எண்ணும் போட்ட கடிதத்தைக் காட்டினார்கள். அந்த இடத்தை எங்கள் நிலத்துக்கு மாற்ற முடியுமா, பேட்டரியையும் சேர்க்க முடியுமா என்று நாங்கள் கேட்டோம். இரண்டும் முடியும் என்று எழுதியே கொடுத்தார்கள். இரண்டுமே பொய்.

கடிதம் போலியில்லை, எண்ணும் உண்மையானதுதான். ஆனால் அது விண்ணப்பம் வந்து சேர்ந்ததற்கான ஒப்புகை மட்டுமே. அதற்கும் இணைப்பு ஒப்பந்தத்துக்கும் நடுவில் பெரிய வேலை கிடக்கிறது. புதிய மின்சாரம் உள்ளே வந்தால் எந்த லைன் சுமை தாங்காது, ஷார்ட் சர்க்யூட் ஆனால் பாயும் மின்னோட்டம் எவ்வளவு கூடும், கோளாறு நேரத்தில் கட்டமைப்பு நிலையாக நிற்குமா என்று ஒவ்வொன்றாக ஆய்வு செய்வார்கள். புது லைனோ மின்மாற்றியோ தேவைப்பட்டால் அந்தச் செலவில் யார் பங்கு எவ்வளவு என்பது அதற்குப் பிறகுதான் தெரியும். எங்களுக்கு விற்ற இடத்துக்கு முதல் ஆய்வுகூடத் தொடங்கியிருக்கவில்லை.

அப்புறம் நிலம். வரிசையில் இடம் என்பது ஒரு குறிப்பிட்ட துணைமின்நிலையம், மின்னழுத்தம், மெகாவாட் அளவு ஆகியவற்றோடு கட்டப்பட்டது. வேறு துணைமின்நிலையத்துக்குப் போனால் புதிதாக விண்ணப்பித்துக் கடைசியில் போய் நிற்க வேண்டியதுதான். பேட்டரி விஷயம் இன்னும் மோசம். பேட்டரி மின்சாரத்தை வெளியே விடும்போது உற்பத்தி நிலையம், கிரிட்டிலிருந்து சார்ஜ் ஏற்றும்போது பெரிய நுகர்வோர். இரண்டு பக்கமும் ஆய்வு வேண்டும். சோலாருக்கு மட்டும் போட்ட விண்ணப்பத்தில் நடுவில் அதை நுழைத்தால் முக்கிய மாற்றமாகக் கருதி இடத்தையே பறிக்கலாம். இது தெரியாமல் அவர்கள் இந்தத் தொழிலில் இருக்க வாய்ப்பே இல்லை.

இதற்கு நடுவே "விரைவுக் கட்டணம்" என்று ஒரு தொகை வாங்கினார்கள். கிரிட் நிறுவனத்தின் பொறியாளரிடம் பிறகு நேரடியாகக் கேட்டபோது, அப்படி ஒரு கட்டணமே கிடையாது என்றார். நாங்கள் வாங்கப்போகும் இன்வெர்ட்டர் (சோலார் மின்சாரத்தைக் கிரிட்டுக்கு ஏற்றபடி மாற்றும் கருவி) எப்படி இயங்கும் என்று ஆய்வுக்காகக் கணினியில் காட்டும் மாடல் கோப்புக்குப் பதிலாக, வேறு யாருடைய திட்டத்திலிருந்தோ எடுத்த கோப்பை எங்கள் பெயரில் சமர்ப்பித்திருந்தார்கள் என்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. கோப்பு திரும்பி வந்தது. அதைச் சரிசெய்யவும் எங்களிடமே பணம் கேட்டார்கள்.

பணம் போனதைவிட எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான்: வரிசை இவ்வளவு நீண்டதற்கு இப்படிக் காகித இடங்களைப் பிடித்து வைப்பவர்களும் ஒரு காரணம். ஒரே பகுதியில் பத்துத் திட்டங்களைச் சேர்த்து ஆய்வு செய்யும்போது நான்கு விலகினால், மிச்சமுள்ளவர்களின் செலவுப் பங்கு மாறும், ஆய்வை மறுபடி செய்ய வேண்டும், எல்லோருக்கும் தாமதம். அமெரிக்காவில் 2000 முதல் 2018 வரை விண்ணப்பித்த திட்டங்களில் 2023 முடிவுக்குள் இயங்கத் தொடங்கியவை 19 சதவீதம் மட்டுமே என்கிறது அமெரிக்க அரசின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம். விலகிய எல்லோரும் மோசடிக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கட்டும் எண்ணமே இல்லாமல் இடம் பிடிப்பவர்கள், உண்மையாகக் கட்ட வந்தவர்களின் ஆண்டுகளைத் தின்கிறார்கள்.

இதைத் தடுக்கத்தான் விதிகள் மாறிக்கொண்டிருக்கின்றன. அமெரிக்காவின் மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2023 ஜூலையில் போட்ட உத்தரவு, முதலில் வந்தவருக்கு முதலிடம் என்பதை மாற்றி, முதலில் தயாரானவருக்கு முதலிடம் என்று ஆக்கியது. நில உரிமைக்கு ஆதாரம், வைப்புத்தொகை, விலகினால் அபராதம் எல்லாம் அதில் உண்டு. பிரிட்டனில் வரிசை 700 கிகாவாட்டைத் தாண்டிய பிறகு, தயார்நிலையும் தேவையும் பார்த்து வரிசையை மறுபடி அடுக்கும் திட்டத்துக்கு 2025 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. இந்த மாதிரி விதிகள் வரும் இடத்தில், இன்று உங்களுக்கு விற்கப்படும் பழைய இடம் நாளைக்கு ரத்தாகலாம்.

உண்மையிலேயே நேரத்தைக் குறைக்கும் வழிகள் இருக்கின்றன, அவற்றுக்கு இடைத்தரகர் தேவையில்லை. பல கிரிட் நிறுவனங்கள் எந்தத் துணைமின்நிலையம் இன்னும் எவ்வளவு மின்சாரத்தை ஏற்கும் என்று வரைபடமே வெளியிடுகின்றன. நெரிசல் நேரத்தில் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தால் சில இடங்களில் கட்டமைப்பு மேம்பாட்டுக்குக் காத்திராமல் இணையலாம். ஏற்கெனவே இயங்கும் நிலையத்தின் இணைப்பில், அது கிரிட்டுக்கு அனுப்ப அனுமதி உள்ள மின் அளவைத் தாண்டாமல் பேட்டரியைச் சேர்ப்பதும் புது இணைப்பைவிடச் சீக்கிரம் முடியக்கூடியது.

யாராவது வரிசை இடத்தோடு வந்தால், அந்த எண் யார் பெயரில், எந்தத் துணைமின்நிலையத்துக்கு, எத்தனை மெகாவாட்டுக்கு, எந்த ஆய்வுக் கட்டத்தில், எவ்வளவு பாக்கியோடு இருக்கிறது என்று கிரிட் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். விண்ணப்பதாரரின் சம்மதக் கடிதம் தேவைப்படலாம், விற்பவர் அதைத் தர மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். அவர்கள் கொடுக்கும் "அதிகாரி" தொலைபேசி எண்ணில் மட்டும் விசாரித்து நிறுத்திவிடாதீர்கள். எங்களுக்குக் கொடுத்த எண்ணில் பேசியவர் அவர்களுடைய ஆள்தான். ஏற்கெனவே பணம் கொடுத்தவர்கள் கடிதம், ரசீது, மின்னஞ்சல் எதையும் அழிக்காமல் வைத்து, போலீசிலும் மின் ஒழுங்குமுறை ஆணையத்திலும் புகார் கொடுங்கள். எங்கள் புகாரும் இரண்டு இடத்திலும் இருக்கிறது.