மெயின்செயிலை மடித்து வைக்க எது நல்லது? சிங்கப்பூர் வெயிலையும் ஸ்குவாலையும் வைத்து ஓர் அலசல்

சாங்கியிலோ துவாஸிலோ படகு வைத்திருப்பவர்கள் நான்கு பேர் சேர்ந்தால், படகின் பெரிய பாயான மெயின்செயிலை எப்படி மடித்து வைப்பது என்ற பேச்சு வந்துவிடும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நிதானமாகச் சுற்றிவரும் 30, 40 அடி படகுக்கு பாயை இருபுறமும் தாங்கிப் பிடிக்கும் லேசி ஜாக் கயிறுகளோடு வரும் ஸ்டாக் பேக் என்ற பைதான் சரி.

காரணம் சுமத்ரா ஸ்குவால், அதாவது மேற்கிலிருந்து திடீரென வரும் மழைக்காற்று. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியுமுன்போ காலையிலோ வந்து மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும். மேற்கே கறுத்துக்கொண்டு வருவதைப் பார்த்த பிறகு பாயைக் கையால் மடிக்க ஏது நேரம்? ஸ்டாக் பேக்கில் படகைக் காற்றுக்கு நேராகத் திருப்பி பாயை ஏற்றி இறக்கும் கயிறான ஹாலியார்டை விட்டால், பாய் இரண்டு பக்கக் கயிறுகளுக்கு நடுவே சரிந்து பாயின் அடியில் கிடையாக இருக்கும் கட்டையான பூம் மேலுள்ள பைக்குள் விழுந்துவிடும். பையின் ஜிப்பைப் பிறகு சாவகாசமாக இழுத்துக்கொள்ளலாம்.

தொல்லை ஏற்றும்போதுதான். பாய் விறைப்பாக நிற்கச் செருகும் பட்டையான பேட்டனின் முனை போய்க் கயிற்றில் மாட்டும், கீழே இருப்பவர் கயிற்றை இழுக்கும் உருளையான வின்ச்சைச் சுற்றச் சுற்ற இன்னும் இறுகும். கயிறுகளைத் தளர்த்தி, முன்னால் கொண்டுபோய்ப் பாய்மரத்தை ஒட்டிக் கட்டிவிட்டு ஏற்றுங்கள், மாட்டாது. அப்புறம் பூஞ்சை. நனைந்த பாயை ஜிப் போட்டு மூடினால், நம் ஊர்ப் புழுக்கத்தில் மடிப்புகளின் அடியில் கரும்புள்ளி வந்துவிடும். மழை விட்டதும் திறந்து காற்றாட விட வேண்டும்.

டச்மேன் முறையில் பூமின் பின்முனையைத் தாங்கும் கயிறான டாப்பிங் லிஃப்ட்டிலிருந்து தொங்கும் தூண்டில் நரம்பு போன்ற இழைகள் பாயின் துளைகள் வழியாகக் கோத்து வரும். இறக்கினால் புடவைக் கொசுவம் மாதிரி மாறி மாறி மடிந்து உட்காரும். அந்த அழகு ஸ்டாக் பேக்கில் வராது, பேட்டனும் மாட்டாது. ஆனால் இழைகளுக்கு இடம் விட்டுத் தைத்த தனி உறையை ஒவ்வொரு முறையும் போட வேண்டும். களைத்து வந்த நாளில் "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால் பாய் வெயிலில் கிடக்கும்.

பாய்மரத்துக்குள்ளேயே பாயைச் சுருட்டும் இன்-மாஸ்ட் வசதியானதுதான், படகைச் செலுத்தும் இடமான காக்பிட்டை விட்டு நகர வேண்டியதில்லை. ஆனால் படுக்கை பேட்டன் வைக்க முடியாததால் பாயின் பின்விளிம்பை உள்வாங்கி வெட்டுகிறார்கள், பரப்பு குறைகிறது. காற்று மந்தமாக இருக்கும் நாள்கள் இங்கே அதிகம் என்பதால் அந்த இழப்பு நன்றாகவே தெரியும். பழசாகித் தொய்ந்த பாய் சுருக்கம் விழுந்து பாதியில் சிக்கிக்கொள்வது அதைவிட மோசம், அதுவும் ஸ்குவால் நேரத்தில். பூமுக்குள் சுருட்டும் வகையில் சிக்கினாலும் பாயைக் கீழே இறக்கிவிடலாம், ஆனால் விலை அதிகம், பூம் கோணமும் துல்லியமாக இருக்க வேண்டும்.

பந்தயப் படகுக்கு வெறும் கட்டுநாடாவும் உறையும் போதும்.

ஸ்டாக் பேக் தைக்கக் கொடுத்தால் வெயிலைத் தாங்கும் பிடிஎஃப்இ நூலில் தைக்கச் சொல்லுங்கள். சாதாரண பாலியெஸ்டர் நூல் இந்த வெயிலில் துணிக்கு முன்பே இற்றுப்போகும்.