மேச்சேரி ஆடா, சென்னைச் சிவப்பு ஆடா?

வீட்டையொட்டிச் சிறிது நிலம் வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து செம்மறிகளை வளர்க்க நினைப்பவருக்குத் தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வரும் இனங்கள் மேச்சேரியும் சென்னைச் சிவப்புமே. இரண்டும் கம்பளி தராத, இறைச்சிக்காக வளர்க்கப்படும் இனங்கள் என்பதால், உரோமம் கத்தரிக்கும் வேலை இல்லை.

சேலம், ஈரோடு, கரூர்ப் பகுதிகளின் வறண்ட நிலத்தில் உருவான மேச்சேரி, கிளுவை வேலி சூழ்ந்த, கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல மரத்தின் காய்களையும் மேய்ந்து பழகியது. கிடாய், பெட்டை இரண்டிற்கும் கொம்பில்லை. இடம் குறுகிய பட்டியில் இது சிறிய வசதியன்று. இதன் தோலுக்குத் தனி மதிப்புண்டு, ஆயினும் அந்த மதிப்பு வளர்ப்பவர் கைக்கு அரிதாகவே வந்து சேர்கிறது. சேலம் மாவட்டத்துப் பொட்டனேரியில் இவ்வினத்திற்கென ஆராய்ச்சி நிலையமும் உள்ளது.

சென்னைச் சிவப்போ செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களுக்குரியது, கிடாய்களுக்குக் கொம்புண்டு. அறுவடை முடிந்த நெல்வயலிலும் ஏரிக்கரையிலும் மேய்வதால், தட்டைப்புழுவும் குடற்புழுவும் இதன் வளர்ப்பில் தீராத கவலை. மழைக்கு முன்னும் பின்னும் புழுநீக்க மருந்து தருவதைத் தவிர்க்க இயலாது.

இரண்டுமே ஐந்து மாதச் சினைக்குப் பின் பெரும்பாலும் ஒற்றைக் குட்டியே ஈனும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தின் நீலநாக்கு நோய்க்கு எதிரான தடுப்பூசியும் இரண்டிற்கும் வேண்டும். மேற்கின் மானாவாரி நிலத்திற்கு மேச்சேரியையும், வடகடலோர நெல்வயற் பகுதிக்குச் சென்னைச் சிவப்பையும் நான் தேர்வு செய்வேன்.